உயிரோடு இருக்கிறார், மறுமணம் செய்யவில்லை

அக்கா,

இன்று காலை கைகாட்டிக் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டு லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மேசைமேல் அந்த நீளமான பழுப்பு உறை கிடந்தது. பிரிக்காமலே தெரிந்துவிட்டது. சிவப்பு அரக்கின் வாசனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்பல் ஏறி வருகிற அதே வாசனை. மேலே உங்கள் பெயர்.

உள்ளே அதே படிவம். இன்னாருடைய விதவை உயிரோடு இருக்கிறாரா? மறுமணம் செய்துகொண்டாரா? கேள்வி இரண்டுதான். பதில் எழுதி, அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வருடமாக அந்த ஒருவன் நான். "உயிரோடு இருக்கிறார், மறுமணம் செய்யவில்லை" என்று எழுதி எழுதி, கை தானாக அந்த வரிக்குப் போகிறது. இன்றும் போனது. பாதியில் நிறுத்தினேன்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. பென்சன் அனுப்பும் படைக் கச்சேரி ஆபீசுக்கு அது தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். முதலில் உங்களுக்கு எழுதிவிட்டு அப்புறம் அவர்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அது உங்களுக்குத் தெரியும்.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. தந்தி, கைகாட்டி, கேட்டுப் பூட்டு, இவைதான் என் படிப்பு. எது பழுதானாலும் காரணம் இருக்கும், காரணத்தைப் பிடித்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். உங்கள் வீட்டுக்காரர் அப்போது ரயில் கேட்டுக் காவலர். அதற்கு முன்னால் பட்டாளத்தில் இருந்தவர். பஸ்ராவில் நெஞ்சில் குண்டு வாங்கி, பென்சனோடு வெளியே வந்து, கடல் கடந்து இங்கே மலாயாவுக்கு வந்து பச்சைக்கொடி பிடித்தவர். கேட்டுப் பூட்டைப் பிரித்துப் போட்டு நான் மல்லுக்கட்டும்போது அவர் பக்கத்தில் நின்று இருமுவார். நீங்கள் வாசலில் இருந்து குரல் கொடுப்பீர்கள்.

"தம்பி, பசியாறியாச்சா?"

"வேலை முடியட்டும் அக்கா."

"அது முடியாது. நீ வா."

நெத்திலிச் சம்பலும் பழைய சோறும். அவருக்கு மட்டும் ஒரு தகரத் தட்டு, பட்டாளத்துத் தட்டு. விளிம்பில் ஏதோ குத்தியிருக்கும். அப்போது ஒரு தடவையாவது அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் உங்களுக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் பார்க்கவில்லை. சோற்றைத்தான் பார்த்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுப் புண் மறுபடி உடைந்து அவர் இறந்தார். குளுவாங்கிலிருந்து வந்த டாக்டர், பழைய குண்டுக் காயத்தினால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. வயதாகிச் செத்த பட்டாளத்துக்காரரின் பென்சன் அவரோடு முடிந்துவிடும். காயத்தினால் செத்தால் மனைவிக்கு உண்டு. மூன்று விஷயம் நிரூபிக்க வேண்டும்: காயத்தால் செத்தார், இவள் அவர் மனைவி, இவள் மறுபடி கல்யாணம் செய்யவில்லை. முதலாவதற்கு டாக்டர் காகிதம் இருந்தது. மற்ற இரண்டும் ஊருக்கே தெரிந்தது. ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். கேட்டுப் பூட்டு மாதிரி நினைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் கொழுந்தனார் பாலோவிலிருந்து வந்தார். தோட்டத்துக் கங்காணி, முறுக்கு மீசை, காலில் சப்பாத்து. சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு ஆளை விட்டு அண்ணனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அதில்தான் பட்டாளத்துக் காகிதமெல்லாம் இருந்தது. தகரத் தட்டும் அதோடு போனது.

"எங்க அண்ணன் சாமான். எங்க வீட்டுல இருக்கட்டும்."

"பொண்டாட்டி இருக்கிறாங்களே?" என்றேன் நான்.

"பொண்டாட்டியா? தாலி கட்டுனதை நீ பார்த்தியா? எங்க சொந்தத்துல ஒருத்தன் பார்த்தானா? பட்டாளத்து லைன்ல சேர்த்துக்கிட்டதெல்லாம் பொண்டாட்டியாடா?"

நீங்கள் இலை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கை நிற்கவில்லை. நீங்கள் வேறு சாதி, அவர் வேறு சாதி. பெங்களூர் பட்டாளத்துக் குடியிருப்பு லைனில், மாரியம்மன் கோயிலில், அவருடைய கூட்டாளிகள் நாலு பேர் முன்னால் நடந்த கல்யாணம். அந்த நாலு பேரில் மூன்று பேர் பஸ்ராவிலேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் ஒருவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மனைவி என்று ஒருத்தி இல்லையென்றால் தம்பிக்கு ஏதாவது கிடைக்கும் என்று எவனோ கங்காணியிடம் ஓதியிருந்தான். அவரும் மனுப் போட்டார்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பணம் வந்தா மாடு வாங்குவேன் தம்பி. வராட்டிப் புல்லு வெட்டக் கூலிக்குப் போவேன். அது கெடக்கு. ஆனா 'நீ அவன் பொண்டாட்டி இல்லே'ன்னு ஒரு சுராட்டு, சர்க்காரு கடுதாசி, வந்துச்சுன்னு வையி, அதைக் கையில வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல நான் யாருன்னு உக்காந்திருப்பேன்?"

படிவத்தை நானே நிரப்பினேன். வேகமாக. படை எண் என்று ஒரு கட்டம் இருந்தது. காகிதமெல்லாம் கங்காணி வீட்டில். எழுதப் படிக்கத் தெரியாத பெண்பிள்ளைக்கு எண் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, 'தெரியாது' என்று எழுதினேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா. அந்த ஒற்றைச் சொல்லை இன்றைக்கும் அழிக்க முடியவில்லை.

விசாரணை ஜொகூர் பாருவில். இந்தியாவிலிருந்து படைக் கச்சேரி கேட்டுக்கொண்டபடி இங்கே ஒரு துரை விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும். காலை ரயிலில் போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். நீங்கள் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களை எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

துரைக்கு மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வட்டக் கண்ணாடி, கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. ஒரு பக்க நாற்காலியில் கங்காணி. இன்னொரு பக்கம் நீங்கள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உங்கள் பின்னால் நான்.

"அம்மா, உங்கடை புருசன்ரை பேர் என்ன?" என்றார் கிராணி.

நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டீர்கள். நான் படிவத்தில் எழுதியிருந்தேனே, மறுபடி வாயால் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பேர், அம்மா."

"மலைமேல தண்டம் புடிச்சுக்கிட்டு நிக்கிற சாமி பேருங்க."

கிராணியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. அவர் வீட்டிலும் அதுதான் வழக்கமாக இருந்திருக்கும். துரையிடம் திரும்பி, எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். கங்காணி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பேரே தெரியாத பொண்டாட்டி! பார்த்துக்குங்க தொரை, நல்லாப் பார்த்துக்குங்க!"

நான் மேசைவரை போய் உங்கள் வீட்டுக்காரர் பெயரை, தகப்பன் பெயரோடு, ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, உம்மட்டை ஆர் கேட்டது?" என்றார் கிராணி, மெதுவாக. "இனி இவ சொன்னாலும் நீர் சொல்லிக் குடுத்ததாத்தான் போகும். விளங்குதா?"

விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் துரை வேறு கேள்வி கேட்டிருப்பார். கிராணி அதற்குத்தான் வழி பண்ணிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே விழுந்து கெடுத்தேன். சிவப்புக் கைகாட்டி நிற்கும்போது ரயிலைக் கிளப்புகிறவனுக்கு எங்கள் வேலையில் சீட்டுக் கிழிந்துவிடும்.

ஆனால் அன்று ஸ்டேஷன் மேடையில் நான் உங்கள்மேல்தான் பாய்ந்தேன்.

"பேரைச் சொன்னா நாக்கு வெந்து போயிடுமா, அக்கா?"

"உங்கம்மா சொல்லுவாங்களா?"

"எங்கம்மா பென்சன் கேட்டு வந்து நிக்கலை."

"நிக்காம இருக்கட்டும். நல்லாருக்கட்டும்" என்றீர்கள். ரயில் கிளம்பியது. மடியில் இருந்த வாழைப்பழத்தில் ஒன்றை மட்டும் உரித்து என் கையில் வைத்தீர்கள். கோபத்தோடு தின்றேன்.

மூன்று மாதம் கழித்துச் சுராட்டு வந்தது. உறவு மெய்ப்பிக்கப்படவில்லை, புதிய சான்று இருந்தால் மறுபடி விசாரிக்கலாம் என்று. அதற்குள் கேட்டு வீட்டுக்குப் புது ஆள் வந்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் பின்னால் லாலான் புல் வெட்டிய இடத்தில் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசையில் நீங்கள் இருந்தீர்கள். தோட்டத்தில் புல் வெட்டப் போய்க் கையெல்லாம் கீறல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல்மனு எழுத வந்தேன். நீங்கள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் காகிதத்தோடு முட்டிக்கொண்டிருந்தேன்.

"சாட்சி இல்லை. கல்யாணப் பத்திரம் இல்லை. அட, அந்தப் பட்டாளத்து நம்பராவது கையில இருந்தா..."

"ரெண்டு, ஒம்போது, ஒண்ணு, ஆறு" என்றீர்கள். முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"என்னது?"

"அவங்க நம்பரு. ரெண்டு, ஒம்போது, ஒண்ணு, ஆறு."

என் கையிலிருந்து பேனா உருண்டு அரிசிக்குள் விழுந்தது.

"அதை ஏன் அக்கா முன்னாடியே சொல்லலை?"

"நீ கேட்டியா, தம்பி?"

அப்புறம்தான் சொன்னீர்கள். பஸ்ராவுக்குக் கப்பல் ஏறப் போகும் முந்தின நாள், அவர் அடுப்புக் கரியை எடுத்துச் சுவரில் நாலு இலக்கம் எழுதினாராம். 'என் பேரு கம்பெனியில நாலு பேருக்கு இருக்கு. தாள் ஒட்டுனாங்கன்னா, யாராவது பேரைப் படிச்சுச் சொன்னா நம்பி ஏமாந்துறாதே. இந்த நாலையும் பாரு. இது எனக்கு மட்டுந்தான்.' பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த ஒரு முழம் சுவரை மட்டும் விட்டுவிட்டு அடித்தீர்களாம். காயம்பட்டவர்கள், செத்தவர்கள் எண்களைத் தாளில் எழுதிக் கச்சேரிச் சுவரில் ஒட்டுவார்கள். எல்லாப் பெண்களும் படிக்கத் தெரிந்தவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும்போது, நீங்கள் தனியாகப் போய் நின்று, அந்த நாலு உருவத்தையும் தாளில் தேடுவீர்களாம். "இல்லேன்னா அன்னிக்குச் சோறு எறங்கும்" என்றீர்கள். ஒரு நாள் இருந்திருக்கிறது. காயம்பட்டவர் தாளில்.

நான் பேனாவைத் துடைத்து, எண்ணை மனுவில் எழுதப் போனேன். உங்கள் கை வந்து தாளை மூடியது.

"எழுதாதே."

"ஏன்?"

"நீ எழுதுனா நீ சொன்னதா ஆயிடும். கங்காணிக்கும் தெரிஞ்சிடும். புதுச் சாட்சி இருக்குன்னு மட்டும் எழுது. நான் போயி நின்னு சொல்றேன்."

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத நீங்கள்! சான்று என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. காகிதத்தில் இருப்பது காகிதத்தை வைத்திருப்பவன் சொத்து. நெஞ்சில் இருப்பதை எவனும் டிரங்குப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது தடவை ஜொகூர் பாருவில் வாசற்படியிலேயே என்னை நிறுத்தினீர்கள்.

"நீ வெளிய நில்லு."

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தைதான் போன தடவை கவுத்துச்சு."

வராந்தாவில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். வாயில் கைக்குட்டையைத் திணிக்காத குறை. கிராணியின் குரல் கேட்டது.

"அம்மா, பேர் சொல்ல மாட்டீங்கள். சரி. அவர்தான் உங்கடை புருசன் எண்டு காட்ட வேறை என்ன இருக்கு?"

நீங்கள் எண்ணைச் சொன்னீர்கள். ஒவ்வொன்றாக, சுவரில் பார்த்துப் படிக்கிற மாதிரி. துரை காகிதம் புரட்டும் சத்தம். எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னார். நீங்கள் கரியைச் சொன்னீர்கள், வெள்ளையடிக்காத சுவரைச் சொன்னீர்கள், ஒட்டின தாளைச் சொன்னீர்கள். கிராணி வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். சோறு இறங்கும் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி சொன்னார்.

துரை கங்காணியைக் கேட்டார். உன் அண்ணன் எண் என்ன?

"காயிதத்துல இருக்குங்க தொரை."

"படைக் கச்சேரிக் காகிதம் துரையட்டையும் இருக்கு. நீர் சொல்லும்" என்றார் கிராணி.

கங்காணியின் சப்பாத்து தரையில் தேய்ந்த சத்தம் மட்டும் கேட்டது. எட்டு மாதம் அந்தக் காகிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தவர்.

அந்த வருடக் கடைசியில் முதல் பழுப்பு உறை வந்தது. மூன்று தடவை படிக்கச் சொன்னீர்கள். முழுவதும் வேண்டாம், அந்த ஒரு வரி மட்டும்.

"அதுல பொண்டாட்டின்னு இருக்கா?"

"விதவைன்னு இருக்கு, அக்கா."

"பொண்டாட்டியா இருந்தாத்தானே விதவை" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். அவர் செத்த அன்றைக்குக்கூட உங்களை அப்படிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் கங்காணி பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. நீங்கள் அவருக்கு மணை போட்டு, கோழியடித்துச் சோறு போட்டீர்கள். எனக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் கத்தினேன்.

"வப்பாட்டின்னு சொன்ன ஆளுக்குக் கோழியா?"

"எனக்குக் கொழுந்தன்டா அவரு. இப்பக் காயிதத்துலயே இருக்கு" என்று சிரித்தீர்கள். பெட்டியிலிருந்து தகரத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் விளிம்பை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். 2916.

அப்புறம் ஏழு வருடம். ஒரு மாடு மூன்றானது. ஸ்டேஷன் காப்பிக் கடைச் சீன முதலாளி தவுக்கே உங்கள் பாலுக்குக் காத்திருப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் உறையோடு வருவேன். மறுமணம் என்ற கேள்வியைப் படிக்கும்போதெல்லாம், "பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒருத்தனும் தேறலைன்னு எழுது" என்பீர்கள். கணவர் பெயர் எழுதும் கட்டம் வரும்போது மட்டும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவீர்கள். நான் சத்தமில்லாமல் எழுதிக்கொள்வேன். திரும்பி வந்து பெருவிரலை நீட்டுவீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், வெள்ளத்தில் அறுந்த தந்திக் கம்பியை இழுக்க வடக்கே போயிருந்தேன். உங்களுக்கு ஐந்து நாள் காய்ச்சலாம். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவர் உங்கள் கொழுந்தனார். மாடுகளையும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார், என்னைக் கேட்டுக்கொண்டுதான். தகரத் தட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது படிவத்தை நிரப்பிவிட்டேன், அக்கா. முதல் கேள்விக்கு, இல்லை. இரண்டாவது கேள்விக்கு, செய்யவில்லை. இறந்த பிறகு இரண்டாவது கேள்விக்குப் பதில் தேவையில்லை என்று குறிப்பில் இருக்கிறது. இருந்தாலும் எழுதினேன். அது பதிவில் இருக்கட்டும்.

இன்னொன்று. பாலோவில் ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் பட்டாளத்துச் சாலை வேலைப் பிரிவில் கால் போனவன், போன வருடம் அந்தக் கால் அழுகியே செத்தான். அவளுக்கும் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. என்னைத் தேடி வந்தாள். அனுப்பி வைத்தது யார் தெரியுமா? கங்காணி. அவள் படிவத்தை நான் இன்னும் தொடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் உட்கார்ந்து, அவனைப் பற்றி உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுத்தான் அவள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். போதும், அதை வைத்து நிற்கலாம். என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அதை அவள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

இந்த மடல் முழுக்க அவர் பெயரை நான் எழுதவில்லை. நீங்கள் எழுந்து போக வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு ஜொகூர் பாருவில் விசாரணை. காலை ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் வராந்தாவில் நிற்பேன், அக்கா. உள்ளே வர மாட்டேன்.